பிரின்டருக்கு பிங் போகுது, பிரின்ட் மட்டும் போகல (கூடவே ஒரு சந்தேகம்: ஐபி இருக்கும்போது மேக் அட்ரஸ் எதுக்கு?)

#1 முழிக்கிறவன்

வணக்கம் மக்களே. ஒரு வாரமா மண்டை காயுது, அதான் இங்க வந்துட்டேன்.

பழைய ரவுட்டர் புட்டுக்கிச்சு, புதுசு மாட்டினேன். அதே வைஃபை பேரு அதே பாஸ்வேர்டு வச்சதால போன் லேப்டாப் எல்லாம் தானா வந்து ஒட்டிக்கிச்சு. பிரின்டர்தான் பிரச்சனை. அது ரவுட்டர்ல கேபிள் போட்டு சொருகி இருக்கு, ஐபி நான் எப்பவோ கையால 192.168.1.20ன்னு குடுத்து வச்சது, பழைய ரவுட்டர்ல வருஷக்கணக்கா ஒரு தொந்தரவும் இல்லாம ஓடுச்சு. இப்ப என்னடான்னா காலைல 9 மணிக்கு மேல பிரின்ட் போகுது, சாயங்காலம் ஆனா போகல, க்யூல போயி உக்காந்துக்குது. சில நாள் ராத்திரி 11 மணிக்கு மேல திடீர்னு நல்லபுள்ளையா வேலை செய்யுது. பேய் பிசாசு மாதிரி நேரம் பாத்து வருது.

இதுல கொடுமை என்னன்னா, பிரின்ட் போகாத நேரத்துலயும் பிங் ("இருக்கியா"ன்னு கேட்டு பதில் வருதான்னு பாக்கற சோதனை) போட்டா பதில் வருது. பதில் வருதுன்னா நெட்வொர்க் சரியா இருக்குன்னுதானே அர்த்தம்?

தேடித் தேடி ஆர்ப் (ஐபிய வச்சு மேக்க கண்டுபுடிக்கற முறையாம்), மேக் அட்ரஸ்னு எங்கயோ போயி மாட்டிக்கிட்டேன். அதுல இன்னொரு சந்தேகம் வந்துடுச்சு. ஐபின்னு ஒரு அட்ரஸ் இருக்கே, அப்புறம் எதுக்கு மேக்னு இன்னொண்ணு? ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு அட்ரஸ்?

#2 லேயர்8

டிரைவர தூக்கிட்டு மறுபடி போடுங்க. எப்பவும் டிரைவர்தான்.

#3 முழிக்கிறவன்

மூணு தடவ போட்டாச்சு ப்ரோ. டிரைவருக்கு சாயங்காலம் காலைலன்னு நேரம் பாக்கத் தெரியுமா?

#4 புதுசா_படிக்கிறேன்

ரெண்டாவது கேள்விக்கு நான் ட்ரை பண்றேன், இப்பதான் இந்த சாப்டர் முடிச்சேன். ஐபி அட்ரஸ்ங்கறது வீட்டு விலாசம் மாதிரி, வீடு மாறினா மாறும். மேக் அட்ரஸ் கைரேகை மாதிரி, கம்பெனிலயே அச்சடிச்சு வர்றது, மாறவே மாறாது, உலகத்துல ஒண்ணுதான் இருக்கும். நெட்வொர்க் வேலைய அடுக்கடுக்கா பிரிச்சா ஐபி மூணாவது லேயர், மேக் ரெண்டாவது லேயர்.

#5 கிரிம்ப்பர்

தப்பா எடுத்துக்காதம்மா, இந்த கைரேகை உதாரணம் எல்லா புக்லயும் இருக்கு, அதுதான் ஆளுங்கள குழப்புது. கைரேகைய மாத்த முடியாது, மேக் அட்ரஸ மாத்தலாம், உன் போனே உனக்குத் தெரியாம மாத்திக்கிட்டுதான் இருக்கு. அத விட முக்கியம், கைரேகைன்னு சொன்ன உடனே எல்லாரும் என்ன நினைக்கிறாங்கன்னா நாம எந்த வெப்சைட்டுக்குப் போனாலும் நம்ம மேக் அட்ரஸ் அங்க வரைக்கும் போயி ஒட்டிக்குதுன்னு. போறதே இல்ல. முதல் ரவுட்டரோட அது செத்துடும்.

எப்படின்னு சொல்றேன். உன் லேப்டாப்லேந்து உலகத்தோட மறு மூலைல இருக்கற ஒரு சர்வருக்கு ஒரு பாக்கெட் (ஒரு துண்டு டேட்டா) கிளம்புதுன்னு வச்சுக்க. பாக்கெட்டுக்குள்ள ஐபி ஹெட்டர்ல "யார்கிட்டேந்து, யாருக்கு"ன்னு ரெண்டு ஐபி இருக்கும். அந்த முழு பாக்கெட்டையும் ஒரு ஈதர்நெட் ஃபிரேமுக்குள்ள போட்டு மூடுவாங்க, ஃபிரேம் மேல ரெண்டு மேக் இருக்கும், அனுப்பறவன் உன் லேப்டாப், வாங்கறவன் உன் ரவுட்டர். கவனிச்சியா, வாங்கறவன் சர்வர் இல்ல. ரவுட்டர் வாங்கினதும் ஃபிரேம கிழிச்சு எறிஞ்சுடும், உள்ள இருக்கற ஐபிய மட்டும் பாக்கும், தன்னோட டேபிள்ல "இதுக்கு அடுத்து யார்கிட்ட குடுக்கணும்"னு தேடும், புதுசா ஒரு ஃபிரேம் போட்டு அடுத்தவன்கிட்ட குடுக்கும். அந்த புது ஃபிரேம்ல அனுப்பறவன் ரவுட்டர், வாங்கறவன் அடுத்த ரவுட்டர். இப்படி பத்து பதினஞ்சு கை மாறும், ஒவ்வொரு கைலயும் வெளி உறை புதுசு, உள்ள இருக்கற ஐபி அப்படியே (நாட்னு உள்ளூர் ஐபிய வெளி ஐபியா மாத்தற இடத்துல அதுவும் மாறும், அது தனிக் கதை). நடுவுல இருக்கற எந்த ரவுட்டருக்கும் முழு வழி தெரியாது. அடுத்த கை யாருன்னு மட்டும்தான் தெரியும்.

ஐபி சொல்றது கடைசில எங்க போயி சேரணும்னு. மேக் சொல்றது இந்த ஒரு வயர்ல, இந்த ஒரு வைஃபைல, இப்ப யார் எடுக்கணும்னு. ரெண்டு வேற கேள்வி தம்பி, அதான் ரெண்டு அட்ரஸ்.

#6 சந்தேகப்_பிராணி

அது சரி, ஆனா ஒரே அட்ரஸ வச்சே ரெண்டு வேலையும் பண்ணலாமே? மேக் அட்ரஸ் 48 பிட், அதுலயே உலகத்துல எல்லாருக்கும் தனித்தனியா நம்பர் இருக்கு. அத வச்சே இன்டர்நெட் முழுக்க அனுப்பிட்டா என்ன?

#7 பாக்கெட்_பொறுக்கி

மேக்ல ஊர் பேரு இல்ல பாஸ். முதல் 24 பிட் தயாரிச்ச கம்பெனி, மிச்சம் 24 பிட் அவங்க போட்ட சீரியல், அவ்வளவுதான். அந்த கார்டு இப்ப எந்த நாட்டுல எந்த வீட்டுல இருக்குன்னு நம்பர பாத்து சொல்லவே முடியாது. அப்ப உலகத்துல இருக்கற ஒவ்வொரு ரவுட்டரும் ஒவ்வொரு டிவைஸோட மேக்கையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணணும். ஐபில அப்படி இல்ல, முன்பாதி ஒரே மாதிரி இருக்கறவங்கள மொத்தமா "இந்த ரேஞ்சு முழுக்க அந்தப் பக்கம்"னு ஒரே வரில எழுதிடலாம்.

அப்படி மொத்தமா எழுதியுமே இன்டர்நெட்டோட ஐபிவி4 ரவுட்டிங் டேபிள் இன்னிக்கு 9 லட்சம் வரிக்கு மேல போயிடுச்சு. 2014 ஆகஸ்ட் 12ம் தேதி அது 512கே அதாவது சுமார் 5,12,000 வரியத் தாண்டின அன்னிக்கு, அத்தனை வரிக்குத்தான் மெமரி ஒதுக்கி வச்சிருந்த பழைய ரவுட்டர்லாம் திணறி பல நெட்வொர்க்கு படுத்துடுச்சு. சுருக்கி எழுதினதுக்கே இந்த கதி. மேக்க வச்சு எழுதினா நெனச்சுப் பாருங்க.

அப்புறம் வரலாறும் ஒரு காரணம். ஈதர்நெட் 1973ல ஜெராக்ஸ் பார்க் லேப்ல பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஒரு கட்டடத்துக்குள்ள கம்ப்யூட்டர்கள கோக்கறதுக்கு ஆரம்பிச்சது, அப்ப ஸ்பீடு 2.94 மெகாபிட். ஐபி தனியா வேற இடத்துல பொறந்தது, இப்ப நாம யூஸ் பண்ற ஐபிவி4 ஆர்எஃப்சி (இன்டர்நெட் விதிகள எழுதி வைக்கற ஆவணம்) 791ன்னு 1981ல வந்தது, அது ரேடியோ சேட்டிலைட் டெலிபோன் லைன் எது மேல வேணா ஓடணும்னு எழுதினது. அதனால கீழ என்ன அட்ரஸ் இருக்குன்னு ஐபி கண்டுக்கவே இல்ல. ரெண்டையும் முடிச்சு போட 1982ல டேவிட் பிளம்மர் எழுதினதுதான் ஆர்ப், ஆர்எஃப்சி 826. படிச்சுப் பாருங்க, சின்னதுதான், எனக்கு ரொம்ப புடிச்ச ஆர்எஃப்சி அது.

#8 முழிக்கிறவன்

கிரிம்ப்பர் அண்ணே, இப்படி யாருமே சொல்லல, நன்றி. ஆனா என் லேப்டாப்பும் பிரின்டரும் ஒரே வீட்டுக்குள்ளதானே இருக்கு. நடுவுல ரவுட்டர் கை மாத்தறதுன்னு ஒண்ணுமில்லையே? இங்க எப்படி நடக்குது?

#9 கிரிம்ப்பர்

கரெக்ட், அதுதான் அடுத்து. எந்த டிவைஸா இருந்தாலும் அனுப்பறதுக்கு முன்னாடி தனக்குத்தானே ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கும், "இவன் நம்ம தெருவா, வெளியாளா?" அதுக்குத்தான் சப்நெட் மாஸ்க். உன் மாஸ்க் 255.255.255.0ன்னா முதல் மூணு நம்பர் ஒத்துப்போனா உள்ளூரு. 192.168.1.20 உனக்கு உள்ளூரு. வெளியாளா இருந்தா கேட்வேயோட (வெளிய போற வாசல், அதாவது உன் ரவுட்டரோட) மேக்க தேடும், உள்ளூருன்னா அந்த ஆளோட மேக்கையே நேரா தேடும்.

எப்படித் தேடும்? கத்தும். "192.168.1.20 யாருப்பா? உன் மேக்க சொல்லு"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு பிராட்காஸ்ட். அந்த ஐபி யாருதோ அவன் மட்டும் "நான்தான், என் மேக் இது"ன்னு பதில் சொல்லுவான். இந்த கத்தலும் பதிலும்தான் ஆர்ப். அந்த பதில ஆர்ப் கேச்ங்கற குறிப்புல எழுதி வச்சுக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு மறந்துடும். விண்டோஸ்ல 15லேந்து 45 செகண்டுக்குள்ள அந்த என்ட்ரி பழசாயிடும், சிஸ்கோ ரவுட்டர்ல டீஃபால்ட் 4 மணி நேரம். பிங் போடும்போது சில சமயம் முதல் பதில் மட்டும் கொஞ்சம் லேட்டா வரும் பாத்திருக்கியா, பாதி நேரம் இந்த கத்தல்தான் காரணம்.

இப்ப முக்கியமான விஷயம். அந்த பதில் நிஜமா பொய்யான்னு யாரும் சரிபாக்க மாட்டாங்க. யார் "நான்தான்"னு சொன்னாலும் நம்பிடும்.

எனக்கு உன் பிரச்சனைல ஒரு வாசம் அடிக்குது. ஒண்ணு பண்ணு. பிரின்ட் போகும்போது ஒரு தடவ, போகாதபோது ஒரு தடவ, 20க்கு பிங் போட்டுட்டு உடனே கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஆர்ப் -ஏ போட்டு 20க்கு நேரா என்ன மேக் வருதுன்னு எழுது. பிங் பதில்ல டிடிஎல்னு ஒரு நம்பர் (பாக்கெட்டோட ஆயுசு) வரும், அது எவ்வளவுன்னும் எழுது.

#10 புதுசா_படிக்கிறேன்

கத்தும்னு சொன்னது நல்லா இருக்கு, புக்ல இதையே நாலு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்காங்க. ஒரு சந்தேகம் சார், நடுவுல கேபிளெல்லாம் வந்து சேர்ற ஸ்விட்ச்சுக்கு இந்த ஐபி எல்லாம் தெரியுமா?

#11 பாக்கெட்_பொறுக்கி

சாதா ஸ்விட்ச்சுக்கு ஐபின்னா என்னன்னே தெரியாது. எந்த ஓட்டை வழியா எந்த மேக் "அனுப்பறவன்"னு வருதோ அத பாத்து பாத்து எழுதி வச்சுக்கும், சிஸ்கோல அது டீஃபால்ட்டா 300 செகண்ட் இருக்கும். யாருன்னு தெரியாத மேக்குக்கு ஃபிரேம் வந்தா, வந்த ஓட்டைய தவிர மத்த எல்லா ஓட்டைலயும் தள்ளிவிட்டுடும். பிராட்காஸ்டும் அப்படித்தான். பழைய காலத்து ஹப் எல்லாத்தையுமே எல்லா ஓட்டைலயும் தள்ளும், அதனாலதான் ஸ்விட்ச் வந்த பிறகு நம்மள மாதிரி ஒட்டுக் கேக்கறவங்க பொழப்பு போச்சு.

#12 நைட்_ஷிப்ட்

பிராட்காஸ்டுன்னு பேச்சு வந்ததும் என் பழைய காயம் ஞாபகம் வந்துடுச்சு, சொல்லியே ஆகணும்.

நான் முன்னாடி வேலை பாத்த இடத்துல ஒரு மீட்டிங் ரூம். மேஜை மேல ஒரு கேபிள் அனாதையா கெடந்திருக்கு, ஒரு முனை சுவத்துல சொருகி இருக்கு, இன்னொரு முனை தொங்குது. யாரோ ஒரு நல்ல மனுஷன் ஏன் தொங்குதுன்னு பக்கத்து ஓட்டைல சொருகிட்டு போயிட்டாரு. அஞ்சு நிமிஷத்துல மாடி முழுக்க நெட்வொர்க் காலி. ஸ்விட்ச் ரூம்க்குள்ள போனா எல்லா லைட்டும் ஒரே தாளத்துல மின்னுது, பாக்க அழகா இருந்துச்சு, வயித்த கலக்குச்சு.

என்ன ஆச்சுன்னா ஒரே ஒரு ஆர்ப் கேள்வி உள்ள போயி, ஒரு ஓட்டைல வெளிய வந்து இன்னொரு ஓட்டைல உள்ள வந்து, மறுபடி எல்லா ஓட்டைலயும் வெளிய போயி, சுத்திக்கிட்டே இருந்திருக்கு. ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல்னு ஆயுசு இருக்கு, ஒவ்வொரு ரவுட்டரும் ஒண்ணு ஒண்ணா குறைக்கும், பூஜ்யமானா தூக்கிப் போட்டுடும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுசே கிடையாது, யாராவது கேபிள புடுங்கற வரைக்கும் சாகாது. இதுக்குன்னே 1985ல ரேடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீன்னு ஒண்ணு எழுதி வச்சாங்க, ஸ்விட்ச்சுங்க தங்களுக்குள்ள பேசி வளையம் எங்க இருக்குன்னு கண்டுபுடிச்சு ஒரு ஓட்டைய தானா அடச்சுக்கும். எங்க ஸ்விட்ச்லயும் இருந்துச்சு. ஆனா எங்களுக்கு முன்னாடி இருந்தவரு "லிங்க் வர 30 செகண்ட் லேட் ஆகுது"ன்னு அத ஆஃப் பண்ணி வச்சிருந்தாரு. அந்த 30 செகண்ட மிச்சம் பண்ணப் போயி எங்களுக்கு அன்னிக்கு பாதி நாள் போச்சு.

#13 முழிக்கிறவன்

கிரிம்ப்பர் அண்ணே!!! எடுத்துட்டேன்.

காலைல, பிரின்ட் போகும்போது: மேக் 00ல ஆரம்பிக்குது, டிடிஎல் 255.
சாயங்காலம், போகாதபோது: மேக் டிஏ-31ன்னு ஆரம்பிக்குது, டிடிஎல் 64.

ரெண்டும் ஒரே 192.168.1.20! பிரின்டருக்கு பின்னாடி ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல 00ல ஆரம்பிக்கற மேக்தான் இருக்கு, அப்ப டிஏ யாரு? அந்த முதல் பாதிய வச்சு கம்பெனி பேரு தேடற சைட்ல போட்டா "எந்த கம்பெனிக்கும் பதிவாகல"ன்னு வருது. எனக்கு இப்ப பயமா இருக்கு. யாராவது என் வைஃபைக்குள்ள பூந்துட்டாங்களா?

#14 லேயர்8

சந்தேகமே இல்ல ஹேக்கிங்தான். இதுக்கு பேருதான் ஆர்ப் ஸ்பூஃபிங். உடனே ரவுட்டர ரீசெட் பண்ணி பாஸ்வேர்டு மாத்து, பேங்க் பாஸ்வேர்டும் மாத்து.

#15 பாக்கெட்_பொறுக்கி

கொஞ்சம் மூச்சு விடுங்க ரெண்டு பேரும்.

ஆர்ப் ஸ்பூஃபிங் நிஜமாவே இருக்கு, மேல அண்ணன் சொன்னாரே யார் சொன்னாலும் நம்பிடும்னு, அதத்தான் அதுல பயன்படுத்தறாங்க. ஆனா அத பண்றவன் பெரும்பாலும் "நான்தான் கேட்வே"ன்னு சொல்லி எல்லா டிராஃபிக்கையும் தன் வழியா இழுப்பான். மெனக்கெட்டு உள்ள வந்து உன் பிரின்டரா வேஷம் போடறவன் பாவம் என்னத்த திருடப் போறான்?

டிஏல ரெண்டாவது எழுத்த பாரு. மேக் அட்ரஸோட ரெண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இந்த நாலுல ஒண்ணா இருந்தா, அது கம்பெனி குடுத்த நம்பர் இல்ல, டிவைஸ் தானா போட்டுக்கிட்டதுன்னு அர்த்தம். முதல் பைட்ல அதுக்குன்னே ஒரு பிட் இருக்கு. அதான் எந்த கம்பெனி பேரும் வரல. இப்படி தானா மேக் போட்டுக்கறது யாரு? ஆண்ட்ராய்டு 10லேந்தும் ஐஓஎஸ் 14லேந்தும் போனுங்க டீஃபால்ட்டா ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு ரேண்டம் மேக் போட்டுக்குது, கடைல மால்ல வைஃபை வச்சிருக்கறவங்க நம்மள மேக்க வச்சு பின்தொடரக் கூடாதுன்னு. டிடிஎல் 64ம் ஒத்துப்போகுது, லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் எல்லாம் 64ல தொடங்கும், விண்டோஸ் 128, சில பிரின்டர் மாதிரி டிவைஸுங்க 255.

வீட்டுல யாரோட போன் காலைல 9 மணிக்கு வெளிய போயி சாயங்காலம் திரும்ப வருது?

#16 முழிக்கிறவன்

...தங்கச்சி போன்.

#17 முழிக்கிறவன்

இப்ப அவ போன்ல வைஃபை செட்டிங்ஸ் திறந்து பாத்தேன். ஐபி அட்ரஸ் 192.168.1.20. ராத்திரி 11 மணிக்கு போன ஆஃப் பண்ணிட்டு தூங்குவா, அதான் அப்ப பிரின்ட் போகுது. ஒரு வாரம் அண்ணே. ஒரு வாரம் நான் பிரின்டர திட்டிக்கிட்டு இருந்தேன்.

#18 கிரிம்ப்பர்

அந்த வாசம்தான் அடிச்சுது. ஒரே ஐபிக்கு ரெண்டு ஆளு. நீ கத்தும்போது ரெண்டு பேரும் "நான்தான்"னு கை தூக்கறாங்க, எந்த பதில் ஜெயிக்கும்ங்கறது ஓஎஸ்ஸ பொறுத்தது, யார் முந்தறாங்கங்கறத பொறுத்தது. போன் ஜெயிச்சா உன் பிரின்ட் வேலை முழுக்க அந்த போனுக்குப் போகுது. பிரின்டருக்கு அனுப்பறது பெரும்பாலும் டிசிபி போர்ட் 9100, போன்ல அந்த கதவே கிடையாது, "இங்க அப்படி யாரும் இல்ல"ன்னு ரீசெட் அனுப்பிடும். ஆனா பிங்குக்கு போனும் பதில் சொல்லும், அதுக்கென்ன கஷ்டம்.

அதான் உன் முதல் கேள்விக்கும் பதில். பிங் பதில் வந்துச்சுன்னா அந்த ஐபில யாரோ ஒருத்தர் உயிரோட இருக்காருன்னு அர்த்தம், அது நீ நினைக்கிற ஆளுன்னு அர்த்தம் இல்ல. மைக் மூஸ் 1983 டிசம்பர்ல அந்த புரோகிராம எழுதும்போது நீர்மூழ்கிக் கப்பல் சோனார் சத்தத்த வச்சுத்தான் பிங்னு பேரு வச்சாரு. சோனார்ல எதிரொலி வந்தா எதிர்ல ஏதோ இருக்குன்னு தெரியும், திமிங்கலமா கப்பலான்னு அது சொல்லாது.

#19 சந்தேகப்_பிராணி

எனக்கு இன்னும் ரெண்டு இடிக்குது. ஒண்ணு, ரவுட்டர் டிஹெச்சிபில (தானா ஐபி குடுக்கற முறைல) ஒரு ஐபிய குடுக்கறதுக்கு முன்னாடி அது யார்கிட்டயாவது இருக்கான்னு பாக்காதா? ரெண்டு, வீட்டுல நாலஞ்சு டிவைஸ்தான் இருக்கும், வரிசையா 2, 3, 4ன்னு குடுத்திருந்தா 20 வரைக்கும் எப்படி வந்துச்சு?

#20 பாக்கெட்_பொறுக்கி

நல்ல கேள்வி, ரெண்டுமே.

ரெண்டாவதுக்கு முதல்ல. நிறைய வீட்டு ரவுட்டர்ல உள்ள ஓடறது டிஎன்எஸ்மாஸ்க்னு ஒரு புரோகிராம். அது வரிசையா குடுக்காது, கேக்கறவனோட மேக்க வச்சு ஒரு கணக்கு போட்டு பூல்ல (குடுக்கறதுக்குன்னு ஒதுக்கி வச்ச நம்பர்கள்ல) எங்கயோ ஒரு நம்பர எடுக்கும், அதே ஆளு திரும்ப வந்தா பெரும்பாலும் அதே நம்பர் கிடைக்கும்னு. தங்கச்சி மேக்குக்கு 20 விழுந்திருக்கு, அதிர்ஷ்டம்.

முதல் கேள்வி. பாக்கும். டிஹெச்சிபி ஆர்எஃப்சிலயே, 1997ல வந்த 2131, குடுக்கறவன் சரிபாத்துட்டு குடுக்கணும், வாங்கறவனும் ஒரு தடவ ஆர்ப்ல கத்திப் பாக்கணும்னு இருக்கு. ஆனா பாக்கற அந்த நிமிஷம் பிரின்டர் ஆஃப்ல இருந்தா? முழிக்கிறவன், புது ரவுட்டர் மாட்டும்போது பிரின்டர் ஆன்ல இருந்துச்சா?

#21 முழிக்கிறவன்

இல்ல... பிளக் பத்தலன்னு பிரின்டர புடுங்கி அதுல ரவுட்டர மாட்டினேன். மறுநாள்தான் எக்ஸ்டென்ஷன் போட்டு பிரின்டர ஆன் பண்ணேன். 🤦

#22 பாக்கெட்_பொறுக்கி

அவ்வளவுதான் கதை. ரவுட்டர் "20 காலியா?"ன்னு பாத்துச்சு, யாரும் பதில் சொல்லல, போனுக்கு குடுத்துடுச்சு. அதுக்கு அப்புறம் லீஸ் (அந்த ஐபிய வச்சுக்க குடுத்த கெடு) பாதி நேரம் ஓடினதும் போன் ரவுட்டர்கிட்ட "இதே ஐபிய நீட்டிக்குடு"ன்னு கேக்கும், நீட்டிக்கும்போது மறுபடி சரிபாக்கறது கிடையாது, ஏற்கெனவே உன்னோடதுதானேன்னு குடுத்துடும். அதனால நீங்க ஏதும் பண்ணாட்டி இது மாசக்கணக்கா ஓடியிருக்கும்.

பழைய ரவுட்டர்ல ஏன் பிரச்சனை வரலன்னா அதுல பூல் 100லேந்து ஆரம்பிச்சிருக்கும், 20 அதுக்கு வெளிய இருந்திருக்கும்.

#23 புதுசா_படிக்கிறேன்

ஐபிவி6 வந்தா ஆர்ப்பே கிடையாதுன்னு படிச்சேன், அப்ப இந்த தொல்லையும் இருக்காதா சார்?

#24 கிரிம்ப்பர்

கத்தற வேலை எங்கயும் போகாதும்மா, பேரும் முறையும் மாறியிருக்கு, அவ்வளவுதான். அதுல நெய்பர் டிஸ்கவரின்னு சொல்லுவாங்க, எல்லார் காதுலயும் கத்தாம சம்பந்தப்பட்ட சின்னக் கூட்டத்துக்கு மட்டும் கேக்கற மாதிரி மல்டிகாஸ்ட்ல கேக்கும். ஆனா ஒரு நல்ல பழக்கம் உண்டு, ஒரு அட்ரஸ யூஸ் பண்றதுக்கு முன்னாடி "இது வேற யார்கிட்டயாவது இருக்கா"ன்னு கேட்டுட்டுதான் எடுத்துக்கணும்னு ஆரம்பத்துலேந்தே எழுதி வச்சிட்டாங்க. அதோட 64 பிட்டு அளவு இடத்துல ரேண்டமா ஒரு நம்பர் எடுத்தா ரெண்டு பேர் மோதிக்கறது நடக்காத காரியம். ஐபிவி4ல 254 நாற்காலிக்கு அடிச்சுக்கறோம்.

#25 நைட்_ஷிப்ட்

முழிக்கிறவன், இப்ப சரிபண்ண ரெண்டு வழி. ரவுட்டர்ல டிஹெச்சிபி பூல 100லேந்து 200ன்னு சுருக்கிட்டு 20 அப்படியே விடலாம். இல்லன்னா பிரின்டர்ல கையால போட்டத தூக்கிட்டு டிஹெச்சிபிக்கு மாத்தி, ரவுட்டர்லயே அந்த 00 மேக்குக்கு இந்த ஐபின்னு ரிசர்வேஷன் போடலாம். நான் ரெண்டாவதுதான் சொல்வேன், யாருக்கு என்ன நம்பர்ங்கற கணக்கு ஒரே இடத்துல இருக்கும், அடுத்த தடவ ரவுட்டர் மாத்தினாலும் பிரின்டர் தானா புதுசு வாங்கிக்கும்.

#26 கிரிம்ப்பர்

அடுத்த தடவ மாத்தும்போது ரிசர்வேஷனும் பழைய ரவுட்டரோட குப்பைக்குப் போயிடும், பிரின்டருக்கு வேற நம்பர் விழும், லேப்டாப் பழைய 20லயே தேடும், தம்பி மறுபடி இங்க வந்து இழை ஆரம்பிப்பான். நான் ரெண்டையும் பண்ணுவேன், பூலையும் சுருக்கி, ரிசர்வேஷனும் போட்டு, ஒரு துண்டு பேப்பர்ல எழுதி ரவுட்டருக்கு அடில ஒட்டிடுவேன்.

#27 நைட்_ஷிப்ட்

அந்த பேப்பர பிரின்ட் எடுக்கணுமே அண்ணே.

#28 லேயர்8

என்ன இருந்தாலும் டிரைவரும் ஒரு தடவ அப்டேட் பண்ணிக்கறது நல்லது.

#29 முழிக்கிறவன்

ரெண்டும் பண்ணிட்டேன். பூல் 100லேந்து 200, பிரின்டருக்கு ரிசர்வேஷன்ல 20. தங்கச்சி போன்ல வைஃபைய ஃபர்கெட் பண்ணி மறுபடி கனெக்ட் பண்ணேன், அதுக்கு 147 வந்துச்சு. பிங் போட்டேன், டிடிஎல் 255. ஆர்ப் -ஏ போட்டேன், 00. சாயங்காலம் 7 மணி, போன் வீட்டுலதான் இருக்கு, பிரின்டர் தானா உயிர் வந்த மாதிரி சத்தம் போட ஆரம்பிச்சுது.

நான் இன்னும் எதுவும் பிரின்ட் குடுக்கவே இல்ல. ஒரு வாரமா க்யூல போயி உக்காந்திருந்த டெஸ்ட் பேஜ் எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துக்கிட்டு இருக்கு. இப்ப 23வது ஓடுது.